ஆலை திருப்பி அனுப்புகிறது, நாம் ஏன் அனுப்புவதில்லை?

செம்பனைக் குலை ஏற்றிவந்த லோரி எடைமேடையைத் தாண்டி ஆலை முற்றத்தில் சரக்கைக் கொட்டியதும், கையில் கொக்கியோடு ஒருவர் இறங்கி வருவார். கருநீலமாக, ஒரு பழம்கூட உதிராமல் இறுகிக் கிடக்கும் குலையைக் கண்டால் ஓரமாக இழுத்துப் போடுவார். அது ‘மூடா’, அதாவது பழுக்காதது. அழுகியது, பழமெல்லாம் உதிர்ந்து வெறும் கூடானது, காம்பை நீளமாக விட்டு வெட்டியது என ஒவ்வொன்றையும் பார்த்துக் குறித்துக்கொள்வார். பழுக்காத குலை வந்த லோரியிலேயே திரும்பிப் போகும். மற்ற குறைகளுக்கு எடையில் கழிவு. லோரிக்காரர் கையில் ஒரு சீட்டு வந்து சேரும். எல்லாம் முடிய அரை மணி நேரம்கூட ஆகாது. ரப்பரும் தென்னையும் இருந்த இடத்தைச் செம்பனை பிடித்துக்கொண்ட பெர்ணம் ஆற்றங்கரையில், ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களுக்கு இது பழகிப்போன காட்சி. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் இதற்கென்று தரம் பிரிக்கும் கையேடே வைத்திருக்கிறது. குலையைத் திருப்பியதற்காக ஆலைக்காரரை யாரும் சண்டைக்காரர் என்று சொல்வதில்லை. முணுமுணுத்தாலும், அடுத்த சரக்கை அதே ஆலைக்குத்தான் அனுப்புகிறோம்.

அதே சிறு தோட்டக்காரர் வீட்டுக்குத் தெலுக் இந்தானிலிருந்து ஐஸ் பெட்டி வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கதவில் நசுங்கல். ஒரு வாரத்தில் மேல்தட்டு மட்டும் குளிர்கிறது, கீழ்த்தட்டில் பால் திரிகிறது. அவர் என்ன செய்வார்? பெரும்பாலும் ஒன்றும் செய்யமாட்டார். ‘அடுத்த மாதம் தவணை கட்டப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம்’ என்று இருப்பார். போனதும் கடைக்காரர் ஆள் அனுப்புவதாகச் சொல்வார். ஆள் வருவார், எதையோ முடுக்குவார், போவார். இப்படியே ஐந்து மாதம் கழிந்த பிறகு, ‘இத்தனை நாள் பாவித்துவிட்டு இப்போது வந்து திருப்பிக் கேட்கிறீர்களே’ என்ற பதில் வரும். அந்தப் பதிலில் ஓரளவு சட்டமும் இருக்கிறது என்பதுதான் நம் மக்களுக்குத் தெரியாமல் போன சங்கதி. விற்பவராக நிற்கும்போது தினமும் பார்த்துப் பழகிய ஒரு காரியத்தை வாங்குபவராக நிற்கும்போது செய்யத் தெரியாமல் தவிக்கிறோம். வந்த சரக்கை வேண்டாம் என்று சொல்வது வணிகத்தின் சாதாரண ஒரு படி. ஆனால் அதை உரிய நேரத்தில், காரணத்தோடு, வாய்திறந்து சொல்ல வேண்டும். உரிமையும் கடமையும் ஒரே காரியமாக இருக்கும் இடம் இது. கடமையை விட்டவருக்கு உரிமையும் கைநழுவிப் போகும்.

சட்டத்தை முதலில் பார்ப்போம். மலேசியாவின் 1957-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம், இந்தியாவின் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. அந்த இந்தியச் சட்டத்துக்கு மூலம் இங்கிலாந்தின் 1893-ஆம் ஆண்டுச் சட்டம். ஈப்போவிலும் சென்னையிலும் ஒரே பிரிவு எண்கள் ஒரே விஷயத்தைப் பேசும் அளவுக்கு இரண்டும் நெருக்கம். அதில் 41, 42, 43 ஆகிய மூன்று பிரிவுகள் நமக்கு முக்கியம். முன்கூட்டிப் பார்க்காமல் வாங்கிய சரக்கை, பேசியபடி இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை, வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதக்கூடாது என்கிறது 41. எப்போது ஏற்றுக்கொண்டதாகும் என்று 42 சொல்கிறது: சரி என்று விற்றவரிடம் அவரே தெரிவித்தால், சரக்கு இன்னும் விற்றவருடையது என்ற நிலைக்குப் பொருந்தாத எதையாவது அதை வைத்துச் செய்தால், அல்லது வேண்டாம் என்று சொல்லாமலே நியாயமான காலம் தாண்டித் தன்னிடம் வைத்திருந்தால். நம்மவர்கள் விழும் குழி இந்த மூன்றாவது. மௌனத்தைச் சட்டம் சம்மதமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. ஏற்றுக்கொண்டதாகிவிட்டால் திருப்பும் உரிமை போய், நட்டஈடு கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சும். பத்தாயிரம் வெள்ளிச் சாமானைக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்குவது ஒன்று, அந்தச் சாமானைக் கட்டிக்கொண்டு இருநூறு வெள்ளி நட்டஈட்டுக்கு மல்லுக்கட்டுவது வேறொன்று. 43-ஆம் பிரிவு வாங்குபவருக்குச் சாதகமானது. திருப்பும் உரிமை உள்ளவர் சரக்கைச் சுமந்துகொண்டு போய்ச் சேர்க்க வேண்டியதில்லை. ஏற்கவில்லை என்று விற்றவரிடம் தெரிவித்தாலே போதும்.

சரக்கு வந்து இறங்கும்போது லோரிப் பையன் நீட்டும் ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்ற பயம் பலருக்கு உண்டு. பெற்றுக்கொண்டது வேறு, ஏற்றுக்கொண்டது வேறு. கையெழுத்து முதலாவதற்கு மட்டுமே முழுச் சான்று. ஆனாலும் ‘நல்ல நிலையில் பெற்றேன்’ என்று அச்சடித்த தாளில் ஒன்றும் எழுதாமல் கையெழுத்திட்டால், நாளை அந்த வரியை நம் முன்னால் நீட்டுவார்கள். பெட்டி பிரிக்காமல் இருந்தால் கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘பெலும் பெரிக்சா’ என்று மலாயில் இரண்டே சொல் எழுதினால் போதும், இன்னும் பார்க்கவில்லை என்று எல்லோருக்கும் புரியும். நசுங்கல் கண்ணில் பட்டால் அதையும் எழுதலாம். லோரிக்காரருக்கு அவசரம் இருக்கலாம். நமக்கு இருக்கவேண்டிய அவசியம் இல்லை. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்றார்கள். காசு கொடுத்து வாங்கிய மாட்டுக்கு அந்த விதி கிடையாது.

1957-ஆம் ஆண்டுச் சட்டம் வணிகர்களை மனத்தில் வைத்து எழுதியது. அதில் சொன்ன பாதுகாப்புகளை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி நீக்கிவிட அந்தச் சட்டமே இடம் கொடுத்தது. வீட்டுக்கு வாங்குபவருக்கு உண்மையான பலம் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தோடுதான் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின் பொருள் உத்தரவாதப் பகுதிகள், நியூசிலாந்தின் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டியவை. ஏற்கத்தக்க தரம் என்றால் என்ன என்பதை 32-ஆம் பிரிவு பிரித்துச் சொல்கிறது: அவ்வகைப் பொருள் எதற்காகப் பொதுவாக வாங்கப்படுகிறதோ அதற்கெல்லாம் பயன்பட வேண்டும், தோற்றமும் முடிப்பும் ஏற்கும்படி இருக்க வேண்டும், சிறு குறைகளும் இருக்கக்கூடாது, பாதுகாப்பாக இருக்க வேண்டும், நீடித்து உழைக்க வேண்டும். விலையையும் கணக்கில் எடுத்துத்தான் இதை அளப்பார்கள். கழிவு விலையில், ‘கதவில் நசுங்கல் உண்டு’ என்று காட்டி விற்ற ஐஸ் பெட்டியை அந்த நசுங்கலுக்காகத் திருப்ப முடியாது. ஆனால் அது குளிராவிட்டால் திருப்பலாம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று கல்லாவுக்கு மேல் தொங்கும் அட்டையோ ரசீதின் அடியில் இருக்கும் பொடி எழுத்தோ இந்த உத்தரவாதங்களை அசைக்காது. சட்டத்துக்கு மாறாக எந்த ஒப்பந்தம் இருந்தாலும் சட்டமே நிற்கும் என்று 6-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்லிவிட்டது. மனம் மாறித் திருப்ப வருபவரிடம் கடைக்காரர் அந்த அட்டையைக் காட்டலாம். கெட்ட சாமானோடு வருபவரிடம் அது செல்லாது.

எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் திருப்பிவிடலாம் என்றும் சட்டம் சொல்லவில்லை. குறை சரிசெய்யக் கூடியது என்றால் அதைச் சரிசெய்ய விற்றவருக்கு முதலில் நியாயமான அவகாசம் தர வேண்டும். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்பது அவர் தேர்வு. மறுத்தாலோ, இழுத்தடித்தாலோ அப்போது வாங்கியவர் பொருளை நிராகரிக்கலாம். வெளியில் பழுது பார்த்துச் செலவைக் கேட்கலாம். குறை சரிசெய்ய முடியாதது அல்லது அடிப்படையானது என்றால் நேராகவே நிராகரிக்கலாம். இந்தக் குறையெல்லாம் முன்பே தெரிந்திருந்தால் நிதானமான எவரும் இதை வாங்கியிருக்கமாட்டார் என்று சொல்லும்படி இருப்பது, விவரித்ததிலிருந்தோ காட்டிய மாதிரியிலிருந்தோ கணிசமாக விலகியிருப்பது, ஆபத்தானது ஆகியவை அடிப்படைக் குறைகள். நிராகரித்தபின் பணத்தைக் கேட்பதா, அதே வகையில் அதே மதிப்புள்ள வேறொன்றைக் கேட்பதா என்பது வாங்கியவர் விருப்பம். பணம் என்றால் ரொக்கம் என்று 46-ஆம் பிரிவு விளக்கம் தருகிறது. ‘எங்கள் கடையிலேயே வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று வரவுச் சீட்டு நீட்டினால் தலையாட்ட வேண்டியதில்லை.

காலக் கேள்விக்கு வருவோம். வழக்குகள் பெரும்பாலும் இங்குதான் தோற்கின்றன. இங்கிலாந்தில் 1987-இல் பெர்ன்ஸ்டீன் என்பவர் புது நிசான் கார் வாங்கி மூன்று வாரத்தில் சுமார் 140 மைல் ஓட்டினார். உற்பத்தியில் உள்ளே விழுந்திருந்த ஒரு துளி அடைப்புப் பசையால் என்ஜின் நெடுஞ்சாலையில் இறுகி நின்றது. மறுநாளே வேண்டாம் என்றார். கார் குறையுள்ளதுதான் என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றம், மூன்று வாரம் வைத்திருந்ததால் அதை ஏற்றுக்கொண்டதாகிவிட்டது என்று திருப்பும் உரிமையை மறுத்தது. மறைந்திருந்த குறையை அவர் எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும் என்று அப்போதே பலர் கேட்டார்கள். பின்னர் அந்நாட்டுச் சட்டம் மாறி, 2015-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் உரிமைச் சட்டத்தில், குறுகிய கால நிராகரிப்புக்கு 30 நாள் என்று நிலையான கெடுவே வந்துவிட்டது. மலேசியச் சட்டம் நாளைக் குறிக்கவில்லை. நியாயமான காலம் என்று மட்டும் சொல்லி, அதை அளக்கும் கோலையும் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் கொடுத்திருக்கிறது: அந்தக் குறை வெளியே தெரிய எவ்வளவு காலம் ஆகும் என்று நியாயமாக எதிர்பார்க்கலாம், பொருள் எத்தகையது, எப்படிப் பயன்படுத்தப்படும், எவ்வளவு பயன்படுத்தினால் குறை தலைகாட்டும் என்பதெல்லாம் அதில் அடங்கும். என் பார்வையில் 30 நாள் என்ற கெடுவைவிட இது மேலானது. மழைக்காலத்தில்தான் ஒழுகும் கூரைத் தகட்டுக்கும், அன்றே வெட்டிப் பார்த்துவிடும் டுரியானுக்கும் ஒரே நாள்கணக்கு வைப்பது முட்டாள்தனம். ஆனால் இந்தத் தாராளம் குறை தெரியும்வரைதான். தெரிந்த பிறகும் சும்மா இருப்பவருக்கு அதில் பங்கு இல்லை.

பழுது பார்க்கக் கொடுத்தால் திருப்பும் உரிமை போய்விடுமா என்ற கேள்விக்கு ஸ்காட்லாந்திலிருந்து ஒரு பதில் உண்டு. ரிச்சி என்ற விவசாய நிறுவனம் லாயிட் என்ற விற்பனையாளரிடம் விதை விதைக்கும் கருவியும் நிலம் கிளறும் கருவியும் சேர்ந்த ஓர் இயந்திரம் வாங்கியது. ஓட்டும்போது அதிர்ந்தது. விற்றவர் எடுத்துப்போய்ச் சரிசெய்து, புதியதுபோல் ஆக்கிவிட்டோம் என்றார். என்ன கோளாறு என்று கேட்டதற்குச் சொல்ல மறுத்துவிட்டார். இரண்டு பேரிங்குகள் இல்லாமலே அது பூட்டப்பட்டிருந்தது என்று வேறு வழியில்தான் தெரியவந்தது. என்ன பழுது என்று சொல்லாதவரை, ஏற்பதா மறுப்பதா என்று வாங்கியவரால் முடிவெடுக்க முடியாது. ஆகவே நிராகரித்தது சரி என்று பிரபுக்கள் சபை 2007-இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு மலேசிய நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதிலிருக்கும் பாடம் தெலுக் இந்தான் பழுதுபார்க்கும் கடைக்கும் பொருந்தும். ஆள் வந்து முடுக்கிவிட்டுப் போனால், என்ன பழுது, எந்த உறுப்பு மாற்றப்பட்டது, எந்தத் தேதி என்று எழுதி வாங்க வேண்டும். மூன்றாம் முறை ஆள் வரும்போது அந்த முதல் இரண்டு தாள்கள்தான் நமக்குச் சாட்சி.

வாங்கியவர் கடமை என்று சட்டம் எதிர்பார்ப்பது, பட்டியலாகப் பார்த்தால் சிறிது; தவறினால் நட்டம் பெரிது. நிராகரிக்கிறேன் என்பதையும் அதற்கான காரணத்தையும் விற்றவரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது பயனீட்டாளர் சட்டத்தின் 45-ஆம் பிரிவு. வாய்மொழியாகச் சொன்னதை நாளை யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்: ‘ஐயா, இந்த மாதம் 3-ஆம் தேதி உங்கள் கடையிலிருந்து வந்த ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டு குளிரவில்லை. 9-ஆம் தேதியும் 16-ஆம் தேதியும் உங்கள் ஆள் வந்து பார்த்தும் சரியாகவில்லை. ஆகவே இதை நான் நிராகரிக்கிறேன். கட்டிய பணத்தைத் திருப்பித் தாருங்கள். பெட்டியை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். இன்று முதல் நான் அதைப் பயன்படுத்தவில்லை.’ இதில் கோபமான ஒரு சொல்கூட இல்லை, தேவையும் இல்லை. கடைசி வரி சும்மா எழுதியதல்ல. வேண்டாம் என்று சொன்ன கணத்தில் அந்தப் பொருளின் சொந்தம் மறுபடியும் விற்றவரிடம் போய்விடுகிறது. அதன்பின் அதில் மீன் வைப்பது அடுத்தவர் பெட்டியில் மீன் வைப்பதாகும். ஏற்றுக்கொண்டார் என்ற வாதத்துக்கும் அதுவே தீனி. அதே காரணத்தால் மழையில் நனையாமல், பிள்ளைகள் ஏறி விளையாடாமல் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் நம் தலையில் இருக்கிறது. கைக்கடக்கமான சாமானை நாமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஐஸ் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம்போல் கொண்டுபோகக் கணிசமான செலவாகும் சாமானை விற்றவர்தான் தன் செலவில் எடுத்துப்போக வேண்டும். இடையில் விற்றுவிட்டாலோ, நம் கையில் இருக்கும்போது தொலைந்தாலோ, வேறு காரணத்தால் உடைந்தாலோ, பெயர்த்தால் சேதமாகும்படி வீட்டோடு பொருத்திவிட்டாலோ திருப்பும் உரிமை போயிற்று. ஓட்டுச் சில்லைத் தரையில் பதித்துவிட்டு நிறம் சரியில்லை என்று சொல்லி என்ன பயன்?

தவணையில் வாங்கியவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சாமான் கெட்டது, ஆகவே தவணையை நிறுத்திவிடுகிறேன் என்று பலர் தாமாகவே முடிவெடுத்துவிடுகிறார்கள். கடையும் கடன் கொடுத்த நிறுவனமும் இரண்டு தனி ஆட்கள் என்றால், கடன் கொடுத்தவருக்கு நிராகரிப்பைத் தெரிவிக்காமல் தவணையை மட்டும் நிறுத்துவது, நியாயம் நம் பக்கம் இருந்தும் குற்றவாளிக் கூண்டில் நாமே ஏறி நிற்பதுபோல. 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டமும் சரக்கின் தரத்துக்கு உத்தரவாதம் தருகிறது. பயனீட்டாளர் சட்டமும் பொருளோடு சேர்ந்த கடன் ஒப்பந்தத்தைக் கவனித்திருக்கிறது. இருவருக்கும் எழுத வேண்டும் என்பதுதான் பாடம்.

கடைக்காரர்கள் பக்கத்து வாதத்தையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். தீபாவளிக்கு முதல் நாள் சேலையை வாங்கி, கட்டி, மறுவாரம் ‘நிறம் பிடிக்கவில்லை’ என்று வருபவர்கள் உண்டு. கைப்பேசியைத் தண்ணீரில் போட்டுவிட்டு, வாங்கியபோதே கெட்டது என்பவர்கள் உண்டு. திருப்பும் உரிமையைப் பெரிதாகப் பேசினால் சிறு பட்டணத்துக் கடைகள் நொடித்துப் போகும் என்கிறார்கள். வாதத்தில் முதல் பாதி உண்மை. அதனால்தான் சட்டம் மனமாற்றத்துக்கு எந்த உரிமையும் தரவில்லை. வீடு தேடி வந்து விற்கும் நேரடி விற்பனைக்கு மட்டும் 1993-ஆம் ஆண்டுச் சட்டம் பத்து வேலைநாள் யோசிக்கும் காலம் கொடுக்கிறது. பாத்திரச் செட்டையும் தண்ணீர் வடிகட்டியையும் தோட்டத்து வாசற்படியில் வைத்துப் பேசியே கையெழுத்து வாங்கிவிடும் விற்பனைக்கு அது தேவைதான். கடைக்குப் போய் வாங்கியதற்கு அது கிடையாது. காரணமில்லாமல் சரக்கை ஏற்க மறுப்பவர் விற்றவருக்கு நட்டஈடே கொடுக்க நேரிடும். ஆனால் வாதத்தின் மறுபாதியை ஏற்பதற்கில்லை. கெட்ட சாமானால் வரும் நட்டம் யாராவது ஒருவர் தலையில் விழத்தான் வேண்டும். மொத்த விற்பனையாளரையும் உற்பத்தியாளரையும் பிடிக்கக்கூடியவர் கடைக்காரர். தோட்டத் தொழிலாளி அவர்களை எங்கே போய்த் தேடுவார்?

ஆலையின் உதாரணத்தைக் காட்டியதும் சிறு தோட்டக்காரர்களிடமிருந்து வரக்கூடிய பதிலும் எனக்குத் தெரியும். தரம் பார்ப்பவர் இஷ்டத்துக்கு மூடா என்று எழுதுகிறார், கழிவை ஏற்றிவிடுகிறார், நாங்கள் என்ன செய்ய முடியும் என்பார்கள். இந்தக் குறையில் ஞாயம் உண்டு. என் வாதத்துக்கு அது வலுவும் சேர்க்கிறது. குலையை முன்னால் போட்டுக் காட்டி, காரணத்தைச் சீட்டில் எழுதித் திருப்பும் ஆலையோடு யாரும் சண்டை போடுவதில்லை. காரணம் சொல்லாமல் திருப்பும் இடத்தில்தான் மனம் கொதிக்கிறது. காரணம் எழுதிய நிராகரிப்பு உரிமை. காரணம் இல்லாதது அதிகாரம். நாம் விற்கும்போது ஆலையிடம் எதிர்பார்க்கும் அந்த ஒழுங்கை, வாங்கும்போது கடைக்காரரிடம் நாமும் காட்ட வேண்டும்.

இன்னொரு தடை சட்டப் புத்தகத்தில் இல்லை. தெரிந்த கடை, தெரிந்த தவுக்கே, அவசரத்துக்குக் கடன் கொடுத்தவர். அவர் முகத்துக்கு நேரே எப்படி வேண்டாம் என்பது? இந்தக் கூச்சத்துக்கு வேர் நம் தோட்ட வாழ்க்கையில் இருக்கிறது. ரப்பர் தோட்டங்களில் கடைப் பற்று ஒன்றுதான் மாதக் கடைசிவரை வீட்டைத் தள்ளிக்கொண்டு போனது. சம்பள நாளில் பற்றுக் கழிந்து மிச்சம் கைக்கு வந்தது. பூச்சி விழுந்த அரிசி வந்தாலும் அதை வேண்டாம் என்பது கடன் கொடுத்தவரையே வேண்டாம் என்பதாக இருந்தது. சம்பளத்தை இன்ன கடையில்தான் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் எழுதி வைக்க வேண்டியிருந்ததே அந்தக் காலத்தின் நிலைமையைக் காட்டும். இன்று லயத்து வீடுகள் பல காலியாகிவிட்டன, ஆனால் அந்தப் பழக்கம் தாமானுக்கும் கூடவே குடிவந்திருக்கிறது. எஸ். எம். முகமது இத்ரிஸ் நெடுங்காலம் தலைமை தாங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் ‘பயனீட்டாளர் குரல்’ என்று தமிழிலேயே இதழ் நடத்தி நம் வீடுகளுக்குள் வந்ததன் அருமை இங்கேதான் புரிகிறது. சட்டம் தமிழில் வந்தால்தான் கூச்சம் போகும்.

வீட்டுக்கு வாங்குபவருக்குள்ள பாதுகாப்பு தொழிலுக்கு வாங்குபவருக்கு முழுமையாக இல்லை என்பதும் நம் வட்டாரத்துக்கு முக்கியம். பயனீட்டாளர் என்பவர், சொந்த உபயோகத்துக்கோ வீட்டு உபயோகத்துக்கோ வழக்கமாக வாங்கப்படும் பொருளை வாங்குபவர். திரும்ப விற்கவோ உற்பத்தியில் செலவழிக்கவோ வாங்குபவரைச் சட்டம் கணக்கில் சேர்ப்பதில்லை. பொருளின் வகைக்கு இங்கே எடை அதிகம். ஒரு நிறுவனம் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் காருக்கும் இச்சட்டம் பொருந்தும் என்று பூஞ்சாக் நியாகா வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆற்றுமுகத்தில் மீன் பிடிப்பவர் வாங்கும் வலைக்கும் தோட்டக்காரர் லோரிக்கணக்கில் வாங்கும் உரத்துக்கும் அப்படிச் சொல்வது கடினம். அவர்களுக்கு 1957-ஆம் ஆண்டுச் சட்டம்தான் கதி. அதிலும் கைகொடுக்கும் பிரிவுகள் உண்டு. பேசியதைவிடக் குறைவாக வந்தால் முழுவதையும் திருப்பலாம். ஏற்றால் வந்ததற்கு மட்டும் பணம். கேட்காத சரக்கும் கலந்து வந்தால் கேட்டதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பலாம், எல்லாவற்றையுமே திருப்பலாம். உரத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். மரத்தடியில் போட்டபிறகு எதைத் திருப்புவது? பையைப் பிரிப்பதற்கு முன் முத்திரையையும் எடையையும் படம் எடுத்து, ஒரு பையைத் தனியே எடுத்து வைத்தால்தான் பின்னால் ரசாயனச் சோதனைக்குக் கையில் ஏதாவது இருக்கும். சரக்கு விற்பவர் பில்லில் ‘எந்தப் பொறுப்பும் ஏற்கமாட்டோம்’ என்ற வரி இருந்தால், வீட்டுக்கு வாங்குபவர் அலட்சியம் செய்யலாம்; இவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் பணம் எடுக்க வேண்டும்.

இணையத்தில் வாங்குவதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அதே சட்டம்தான் பொருந்தும். இணைய விற்பனை மேடையின் புகார்க் கெடு சில நாள்களில் முடிந்துவிடும் என்பதால் பெட்டி வந்த அன்றே பிரிப்பதும், பிரிப்பதைக் காணொளி எடுப்பதும் நல்லது. மேடையின் கெடு முடிந்ததாலேயே சட்டம் கொடுத்த உரிமை முடிந்துவிடாது. ஆனால் விற்றவர் பெயரும் முகவரியும் இல்லாமல் அந்த உரிமையை வைத்துக்கொண்டு யார் கதவைத் தட்டுவது? மின்வணிக விதிகள் விற்பவர் தன் பெயரையும் தொடர்பு விவரங்களையும் வெளியிட வேண்டும் என்கின்றன. அது இல்லாத கடையில் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காமல் விடுவதே உத்தமம்.

கடைசியாக, இருநூறு முந்நூறு வெள்ளிக்காக வழக்கு, வக்கீல் என்று அலைய முடியுமா என்ற கேள்வி. நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஈப்போவுக்கு ஒரு நாள் போய்வந்தால் ஒரு நாள் சம்பளம் போகும், அது நிஜம். ஆனால் இதற்காகவே ஏற்பட்ட பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வக்கீலுக்கு இடமில்லை. பெரிய நிறுவனமும் வக்கீலை வைத்துக்கொண்டு நம்மை மிரட்ட முடியாது. முதல் விசாரணையிலிருந்து இயன்றவரை 60 நாளுக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தீர்ப்புப்படி 14 நாளுக்குள் நடக்காதவர் குற்றவாளி. அபராதமும் சிறையும் உண்டு. விசாரணைத் தேதி குறித்த கடிதம் போய்ச் சேர்ந்ததுமே இறங்கிவந்து பேசும் கடைகள் உண்டு. தொடக்கத்தில் 10,000 வெள்ளியாக இருந்த கோரிக்கை வரம்பு பிறகு 25,000 ஆகி, 2019-இல் 50,000 வெள்ளியாக உயர்ந்தது. கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். முதலாம் பாரத்தை ஈப்போ அலுவலகத்திலும் கொடுக்கலாம், இணையம் வழியாகவும் அனுப்பலாம். பதிவுக் கட்டணம் ஐந்து வெள்ளி.